இரண்டாவது சாட்சி

வில்லோ பெண்ட், நெப்ராஸ்கா
1918, ஜூன் 21

அன்பு மகன் ஓரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். பிரான்ஸில் நீ எந்த மூலையில் இருந்தாலும், இந்தக் கடிதம் வந்து சேரும்போது உன் கால் நனையாமலும் வயிறு நிறைந்தும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். போன கடிதத்தில் உன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. பதுங்கு குழியில் உட்கார்ந்து எழுதினாய் என்பதால் இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்து சொல்லிக் கொடுத்தவளின் மகன் நீ என்பதை மட்டும் மறக்காதே.

கோதுமை நன்றாகத் திரண்டிருக்கிறது. அறுப்புக்கு ஆள்தான் இல்லை. ஊரில் இருந்த தோள்களெல்லாம் உன்னோடு கப்பலேறிவிட்டன. புள்ளி மாடு பெண் கன்று போட்டிருக்கிறது. பக்கத்துப் பண்ணை ஹாட்டி வழக்கம்போல டெலிபோனில் எல்லார் பேச்சையும் ஒட்டுக் கேட்கிறாள். ஒரே கம்பியில் எட்டு வீட்டை மாட்டிவிட்டால் வேறென்ன நடக்கும். நேற்று நான் மளிகைக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கையில் நடுவில் புகுந்து, ‘சர்க்கரைய அங்க வாங்காதீங்க லவீனியாக்கா, எடையில கை வைக்கிறான்’ என்கிறாள், கடைக்காரர் காதில் விழும்படியே. ஊரே எங்களோடு அளந்து பேசுகிற காலத்தில் அவள் தானாக வந்து பேசியது எனக்குக் கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தது.

ஏன் அளந்து பேசுகிறார்கள் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் கடிதத்தில் நீ இதைப் படிக்கக் கூடாது, முதலில் என்னிடமிருந்தே தெரிய வேண்டும். ஓரின், உன் அம்மா இப்போது அமெரிக்காவின் எதிரி. நான் விளையாடவில்லை. தபாலாபீசில் போய்ப் பத்து விரலையும் மையில் உருட்டிப் பதிந்துவிட்டு வந்திருக்கிறேன்.

அப்பா பிப்ரவரியிலேயே பதிந்தார் என்பது உனக்குத் தெரியும். ஜெர்மனியில் பிறந்து இங்கே குடியுரிமை வாங்காத ஆண்களை அப்போது கூப்பிட்டார்கள். இந்த மாதம் அவர்கள் மனைவிமாரையும் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு பெண் யாரைக் கட்டிக்கொள்கிறாளோ அவன் நாடுதான் அவள் நாடு என்று சட்டமாம். அவள் எங்கே பிறந்தாள், யாருக்குப் பிறந்தாள் என்பதெல்லாம் கணக்கில் வராது. நாங்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது அப்படி ஒரு சட்டமே கிடையாது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது வாஷிங்டனில் யாரோ போட்டிருக்கிறார்கள். நான் அடுப்படியில் நின்று உனக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் என் நாடு என் கையைவிட்டுப் போயிருக்கிறது, எனக்குத் தெரியவேயில்லை.

போஸ்ட் மாஸ்டர் வெண்டெல் ப்ரூயிட்தான் எழுதிக்கொண்டார். அவரும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். என்னைப் பார்க்காமலேயே, ‘பேரு?’ என்றார். ‘நாலாம் வகுப்புல என் பலகையப் பாத்துக் கணக்கு எழுதுனியே வெண்டெல், அப்ப தெரிஞ்ச பேரு இப்ப மறந்துபோச்சா?’ என்று கேட்டேன். ‘கேட்டுத்தான் எழுதணுமாம். நீ வேற ஏன் லவீனியா என்னைக் கொல்ற’ என்றார். எங்கே பிறந்தாய் என்றார். இந்தத் தெருக்கோடியில் என்றேன். என் அப்பா பெயர் கேட்டார். ஆன்சல் டட்டில், நாட்டை உடையாமல் காப்பாற்ற உள்நாட்டுப் போரில் நின்று காலில் குண்டு வாங்கினவர் என்றேன். எந்த நாட்டவள் என்ற இடம் வந்தது. அமெரிக்கன் என்றேன். பேனாவை வைத்துவிட்டார். ‘ஜெர்மன்னுதான் எழுதணும் லவீனியா. நான் எழுதல, சட்டம் எழுதுது’ என்றார். அந்த பாஷையில் வெண்ணெய் கேட்கக்கூட எனக்குத் தெரியாது, அதையும் எழுதிக்கொள் என்றேன். படையில் உறவினர் உண்டா என்று கடைசியில் ஒரு கேள்வி. மகன் ஒருவன், அமெரிக்கப் படையில், என்றேன். என்னைப் பார்க்காமலேயே அவர் உருட்டியதில் ரேகை பதியாமல் மை அப்பிக்கொண்டது. இன்னொரு தடவை உருட்ட வேண்டியதாயிற்று. மை துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அதை நான் துவைத்துத் திருப்பித் தரப்போவதில்லை.

இதில் உன் அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை என்றால் பொய். கோபம் வந்தது, போய்விட்டது. அவர் செய்த தப்பு இந்த மாநிலத்தில் வந்து குடியேறின பாதிப் பேர் செய்த தப்புதான். வந்த புதிதில், இந்த நாட்டுக் குடிமகனாக விரும்புகிறேன் என்று முதல் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சில வருஷம் கழித்துப் போய் இரண்டாவது பத்திரம் வாங்க வேண்டும். முதல் பத்திரம் இருந்தாலே இங்கே ஓட்டுப் போடலாம் என்று வைத்திருந்தார்களா, எல்லாம் முடிந்துவிட்டது என்று இவர் இருந்துவிட்டார். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கட்சிக்காரர்களும் சுருட்டோடு வந்து நம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்கும். ‘ஓட்டுப் போடுறவன் குடிமகன் இல்லன்னா பின்ன யாருடி குடிமகன்?’ என்று இன்றைக்கும் கேட்கிறார். இங்கே பிறந்த நான் பெண் என்பதால் ஓட்டுப் போட்டதில்லை, அங்கே பிறந்த அவர் போட்டார். இப்போது இரண்டு பேரும் சமம்.

பாங்க் முதலாளி லீலண்ட் ஸ்ட்ரோதர் இப்போது மாவட்டப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர். நேற்று வீட்டுக்கு வந்தார், தொப்பியைக் கழற்றாமல். ஜூலை நாலாம் தேதி விழாவில் சுதந்திரப் பிரகடனத்தை இந்த வருஷம் அவரே வாசிக்கப் போகிறாராம். என் அப்பா காலமெல்லாம் வாசித்தார். அவருக்குக் கண் மங்கின பிறகு நான் பக்கத்தில் நின்று அடியெடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு நானே வாசித்து வருகிறேன். ஊரில் குரல் எட்டுகிறவள் நான்தான் என்று அந்த ஸ்ட்ரோதரே சொல்லியிருக்கிறார். ‘தப்பா எடுத்துக்காதீங்க மிஸஸ் ஹார்பெக். எதிரின்னு பதிஞ்சவங்க வாயால அத வாசிச்சா நல்லாவா இருக்கும்?’ என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி இருக்கிறது என்றார். புருஷனை விவாகரத்து செய்துவிட்டால் அன்றைக்கே நான் மறுபடி அமெரிக்கனாகிவிடுவேனாம். வக்கீல் செலவைக்கூடக் குழு பார்த்துக்கொள்ளுமாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

அவரை அனுப்பிவிட்டு வந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அப்பா கதவோரம் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, ‘அவன் சொல்றதுல நியாயம் இருக்கு வின்னி. நான் டகோட்டாப் பக்கம் போய்க் கிணறு வெட்டிப் பொழச்சுக்கறேன். நீ கையெழுத்துப் போட்டுட்டு உன் மண்ணுல இரு’ என்றார். கையில் இருந்த கிழங்கை அவர் மேல் எறிந்தேன். நெற்றியில் பட்டது. சின்ன வீக்கம்தான், பயப்படாதே. இந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்குக் கிணறு வெட்டித் தண்ணீர் இறைக்கும் காற்றாடி பொருத்தின மனுஷன், எதிரி நாட்டான் வெடிமருந்து தொடக் கூடாது என்று அரசாங்கம் தொழிலை நிறுத்திய பிறகும் வாய் திறக்காத மனுஷன், தன் மேல் தவறு என்று நினைத்ததும் வீட்டைவிட்டே கிளம்பத் தயார். நான் சொன்னேன்: எனக்கு நாடும் வேண்டும், நீங்களும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க இது சந்தை இல்லை.

இதைக் கேட்டு நீ அங்கே துப்பாக்கியைத் தாழ்த்திவிடாதே. நீ இந்த மண்ணில் பிறந்த குடிமகன். உன்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பிள்ளையைப் படைக்கு அனுப்பின வீடு என்று உனக்காக ஜன்னலில் மாட்டிய நீல நட்சத்திரக் கொடி அங்கேயே இருக்கிறது. கடவுள் உன் தலைக்கு மேல் கை வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
லவீனியா டட்டில் ஹார்பெக்

(இரண்டு பெயரையும் இனிமேல் சேர்த்தே எழுதப் போகிறேன்.)


வில்லோ பெண்ட்
1918, ஜூலை 10

அன்பு மகன் ஓரினுக்கு,

உன் மே மாதக் கடிதம் இப்போதுதான் வந்தது. பிரெஞ்சு ரொட்டி கல் மாதிரி இருக்கிறது என்கிறாய். உன் பல்லைக் காப்பாற்றிக்கொள். இந்தத் தடவை எழுத்து திருத்தமாக இருந்தது. அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். நான் இன்னும் இரண்டாம் தடவை படிக்கவில்லை.

விழா நடந்த கதையை நானே சொல்லிவிடுகிறேன், ஹாட்டி சொன்னால் அதற்குக் கொம்பும் வாலும் முளைத்திருக்கும்.

போகவே வேண்டாம் என்றார் அப்பா. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம் என்று சாம்பல் நிற கவுனை உடுத்திக்கொண்டு கிளம்பினேன். தனியே விட மனமில்லாமல் அவரும் வந்தார். மைதானத்துக்குள் வரவில்லை, ஓரத்தில் இருக்கிற ஊர்க் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துகொண்டார். அவர் வெட்டின கிணறுதான். அன்றைக்கு எலுமிச்சைச் சாறு கரைத்ததும் அந்தத் தண்ணீரில்தான், ஒருவரும் குடிக்காமல் விடவில்லை. என்னைக் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தார்கள், உட்கார்ந்தேன்.

பாண்டு வாசித்தார்கள், பாதிரியார் ஜெபம் சொன்னார். ஸ்ட்ரோதர் எழுந்து வாசிக்க ஆரம்பித்தார். குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. முதல் பகுதியை முடித்தார். அடுத்து இங்கிலாந்து அரசன் செய்த அநியாயங்களின் நீண்ட பட்டியல் வர வேண்டும். ஒரே தாவாகத் தாவி முடிவுரைக்குப் போய்விட்டார். வெயிலில் அந்தப் பட்டியலைக் கேட்க முதலிலிருந்தே யாருக்கும் பிடிக்காது. என் அப்பா காலத்தில்கூட ஜனங்கள் நெளிவார்கள். ஆனால் அவர் ஒரு வரியைக்கூட விட்டதில்லை. ‘வழக்கையே சொல்லாம தீர்ப்ப மட்டும் வாசிச்சா அதுக்குப் பேரு என்ன?’ என்பார்.

முன் வரிசையில் பழைய போர் வீரர்களில் மிச்சமிருக்கிற ஈலை க்ராண்டல் உட்கார்ந்திருந்தார். உன் தாத்தாவோடு ஒரே படையில் இருந்தவர். காது கேட்காது, ஆனால் பட்டியல் எவ்வளவு நேரம் ஓடும் என்று உடம்புக்குத் தெரியும் போலிருக்கிறது. கைத்தடியைத் தட்டிக்கொண்டு, ‘எங்கய்யா பட்டியலு? ராஜா பண்ணுன அக்கிரமமெல்லாம் எங்க?’ என்று கத்தினார். நேரமில்லை, போர்ச் செலவுக்கான சேமிப்புப் பத்திரம் விற்க வேண்டும் என்று ஸ்ட்ரோதர் சைகை காட்டினார். ‘ஆன்சல் ஒரு வரி விட்டதில்ல. அவன் பொண்ணும் விட்டதில்ல. அவ எங்க? செத்துப்போயிட்டாளா?’ என்றார் க்ராண்டல்.

நான் எழுந்தேன். யோசித்து எழுந்தேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பது போல எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு உட்கார முடியவில்லை. கையில் தாள் இல்லை. எதற்குத் தாள்? முதல் குற்றச்சாட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

‘உக்காருங்கம்மா, இது உங்க இடம் இல்ல’ என்றார் ஸ்ட்ரோதர். நான் நிறுத்தவில்லை. யாரோ சீறினார்கள். பின்னாலிருந்து ஒரு மண்கட்டி வந்து என் தோளில் உடைந்தது. அதற்கும் நிறுத்தவில்லை. சொல்லிக்கொண்டே போகையில், ஓரின், ஒரு வரி என் வாயில் வந்தது. வெளிநாட்டார் இந்த மண்ணின் குடிமக்கள் ஆவதற்கான சட்டங்களை அரசன் தடுத்தான், அவர்கள் இங்கே வந்து சேர வழிவிடவில்லை என்று நம்மவர்கள் அவன் மேல் வைத்த குற்றம் அது. சிறு வயதிலிருந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. நடு வழியில் ஒரு மூச்சு நின்றது, அவ்வளவுதான். கூட்டம் முழுக்க அந்த ஒரு மூச்சைக் கேட்டது. வெண்டெல் ப்ரூயிட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியல் முடியும்வரை சொன்னேன். முடித்தபோது தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. ஒருவரும் கை தட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. அப்போது உன் அப்பா கிணற்றடியிலிருந்து ஒரு தகரக் குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடுப்பாதை வழியாக நடந்து வந்தார். கால் தடுக்காமல், தண்ணீர் சிந்தாமல், ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வந்தார். ஊரே வழிவிட்டது. நான் குடித்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். அந்த நிமிஷம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த மைதானத்தில் நின்றபோது இருந்ததைவிட நான் இந்த நாட்டுக்கு நெருக்கமாக என்றைக்கும் இருந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் வாசற்கதவில் மஞ்சள் சாயம் பூசியிருந்தது. கோழைக்கும் துரோகிக்கும் பூசுகிற நிறம். அப்பா மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு போனார். வேண்டாம், பூசினவன் வந்து துடைக்கட்டும் என்று தடுத்துவிட்டேன். ஹாட்டி வந்து பார்த்துவிட்டு, ‘சாயமும் நல்லா இல்ல, பூச்சும் நல்லா இல்ல. எங்க வீட்டுக் கொட்டகைக்கு இவன கூப்பிட மாட்டேன்’ என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். அவள் புருஷன் இனிமேல் இங்கே வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். டெலிபோனில் ஒட்டுக் கேட்பதை அவனால் தடுக்க முடியாது, கவலைப்படாதே என்று தேற்றி அனுப்பினேன்.

திங்கட்கிழமை பாங்கின் பின்னறையில் குழுவின் முன் நிற்கவைத்தார்கள். மன்னிப்பு எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் ஜன்னலில் இருக்கும் நட்சத்திரக் கொடியைக் கழற்ற வேண்டும், எதிரி வீட்டில் அது தொங்கக் கூடாது என்றார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? ஸ்ட்ரோதரிடம் சொன்னேன்: ‘அந்த நட்சத்திரம் என்னோடது இல்லைங்க. என் பையனோடது. அவன் உங்க நிலத்துக்கும் சேத்துத்தான் அங்க நிக்கிறான். கழட்டணும்னா அவன்கிட்டப் போய்க் கேட்டுட்டு வாங்க. பிரான்ஸ்லதான் இருக்கான்.’ கொடிப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்கள். செஞ்சிலுவைத் தையல் குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள், கம்பளி நூலைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வரும் காலுறை நம் ஆட்டுக் கம்பளி. கொஞ்சம் சொறியும், பொறுத்துக்கொள்.

கொடி இருக்கிறது. நானும் இருக்கிறேன். நீயும் இருக்க வேண்டும், அதுதான் உன் வேலை. என் ஆசி எப்போதும் உன்னோடு.

உன் அம்மா,
லவீனியா டட்டில் ஹார்பெக்


வில்லோ பெண்ட்
1918, அக்டோபர் 27

அன்பு மகன் ஓரினுக்கு,

ஆகஸ்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. குறை சொல்லவில்லை. அங்கே பெரிய சண்டை நடக்கிறது என்று பேப்பரில் போடுகிறார்கள், காட்டுக்குள் நடக்கிறது என்கிறார்கள். உனக்குக் காடு பழக்கமில்லை, நம் ஊரில் ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூடக் கிடையாது. தபாலாபீசுக்குத் தினமும் போகிறேன். நான் படியேறுவதற்கு முன்பே வெண்டெல் ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டிவிடுகிறார். ஏறின பிறகு இல்லை என்று சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறதாம்.

ஊரில் விஷக் காய்ச்சல். பள்ளிக்கூடமும் தேவாலயமும் மூடிக் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. ஹாட்டிக்கு வந்து பிழைத்துக்கொண்டாள், புருஷனுக்கும் வந்தது. கஞ்சி காய்ச்சி வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அவன் குடித்தான், எதிரியின் கஞ்சி என்று விடவில்லை.

போன வாரம் பாதிரியார் வந்து வாசலில் நின்று, மஞ்சள் கதவைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு, அப்பாவிடம் பேச வேண்டும் என்றார். குழி வெட்டுகிறவரும் படுத்துவிட்டார், மண் இறுகிக் கிடக்கிறது, சவங்கள் காத்துக் கிடக்கின்றன. ‘மண்ணு தெரிஞ்ச ஆளு நீங்கதான் டெட்லெஃப்’ என்றார். அப்பா யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். முதல் குழி ஸ்ட்ரோதரின் தாயாருக்கு. கூலி வாங்கவில்லை. இந்த மண்ணில் தண்ணீருக்காக ஆழம் போன ஆள், இப்போது அதே மண்ணில் ஆறடி வெட்டிவிட்டு வந்து கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஸ்ட்ரோதர் தெருவில் எதிரே வந்தபோது தொப்பியைத் தொட்டாராம். எனக்கு அது போதாது. அப்பாவுக்குப் போதுமாம். ஆளுக்கு ஒரு அளவு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

போர் முடியப் போகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். முடிந்ததும் அப்பா குடியுரிமைக்கு மனு போடப் போகிறார். இந்தத் தடவை முதல் பத்திரம், இரண்டாம் பத்திரம் எல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்து வாங்குவேன். அவருக்குக் கிடைத்தால் எனக்கும் தானாக வந்துவிடும். கடைக்காரர் சில்லறை இல்லாமல் மிட்டாய் கொடுப்பது மாதிரி அவர் கணக்கில் என் நாட்டை எனக்குத் திருப்பித் தருவார்கள். அதற்கு அப்புறம் அந்தச் சட்டத்தைப் போட்டவர்களோடு எனக்குத் தனியாகச் சண்டை இருக்கிறது. அது எனக்கும் வாஷிங்டனுக்கும் உள்ள விஷயம்.

கோர்ட்டில் இரண்டு குடிமக்கள் சாட்சி சொல்ல வேண்டும். இவரை ஐந்து வருஷமாகத் தெரியும், நல்ல மனுஷர், இந்த நாட்டின் மேல் பற்றுள்ளவர் என்று சத்தியம் பண்ண வேண்டும். நான் சொல்ல முடியாது, நான் குடிமகள் இல்லை. யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை வெண்டெல் ஜன்னலில் தலையை ஆட்டினார். நான் திரும்பி நடந்தேன். அவர் கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே வந்தார். ‘லவீனியா, டெட்லெஃப் பத்திரம் போடறப்ப ஒரு சாட்சி நான். ஸ்ட்ரோதர் என்ன பண்ணுவானோ பண்ணிக்கட்டும். உன் விரல உருட்டுன நாள்லருந்து எனக்குச் சோறு எறங்கல’ என்றார். நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய கைக்குட்டையை வெளுத்து இஸ்திரி போட்டு மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரிந்துகொண்டார்.

ஆக, ஒரு சாட்சி ஆயிற்று.

நேற்று ஈலை க்ராண்டல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தே வந்தார். இன்னொரு சாட்சியாகத் தானே வருவதாகச் சொன்னார். ‘நான் இருக்கறப்பவே கூட்டிட்டுப் போயிரு. எத்தன நாளு இருப்பேனோ’ என்றார். பழைய சிப்பாய் வந்து நின்றால் எந்த நீதிபதியும் மறுக்க மாட்டார். அப்பா உடனே ஒப்புக்கொள்ளப் பார்த்தார். நான் முடியாது என்றேன். கிழவருக்குக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன், அந்த இடம் காலி இல்லை, அதற்கு ஆள் இருக்கிறது என்று. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலில் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்தார். ‘சரிம்மா’ என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அப்பா அந்தக் காப்பிக் கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். கோபமில்லை, பயம். ராத்திரிச் சாப்பாட்டின்போது, ‘அவன் வர நாளாகும் வின்னி’ என்றார். எவ்வளவு நாளானாலும் சரி, இத்தனை வருஷம் பத்திரமில்லாமல் இருந்த மனுஷர் இன்னும் கொஞ்சம் இருந்தால் தேய்ந்துவிட மாட்டார் என்றேன்.

இரண்டாவது சாட்சி நீதான் ஓரின். உன்னைத் தவிர யாரையும் நான் நிறுத்தப் போவதில்லை. ஐந்து வருஷமாகத் தெரியுமா என்று நீதிபதி கேட்பார். காற்றாடி மேல் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறிக் காட்டின ஆளை உனக்கு எவ்வளவு காலமாகத் தெரியும் என்று சொல். நல்ல மனுஷரா என்று கேட்பார். நாட்டின் மேல் பற்று உண்டா என்று கேட்பார். அதற்கு நீ வாயைத் திறக்கவே வேண்டாம், அந்த உடுப்போடு போய் நின்றால் போதும். உடுப்பு கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. நீ ஒரு காலோடு வந்தாலும், ஒரு கையோடு வந்தாலும் பரவாயில்லை, சத்தியம் பண்ண ஒரு கை போதும்.

கதவில் சாயம் வெளிறிவிட்டது, நான் இன்னும் துடைக்கவில்லை. கொடியை மட்டும் போன வாரம் துவைத்து மறுபடி மாட்டினேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் அதன் மேல் பொன்னிற நட்சத்திரம் தைக்கிறார்கள்; நம் நட்சத்திரம் நீலமாகவே இருக்கிறது. அதை நான் வேறு நிறத்துக்கு மாற்ற மாட்டேன், யார் என்ன தந்தி கொண்டுவந்தாலும்.

உன் தாத்தாவை அந்தப் போரிலிருந்து நடத்திக்கொண்டு வந்த கடவுள் உன்னையும் நடத்திக்கொண்டு வரட்டும். கோர்ட்டில் பெயர் கூப்பிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் நிற்போம். கூப்பிடும்போது நீ எழுந்து நிற்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

உன் வரவை நம்பி ஓர் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் காத்திருக்கும்
உன் அம்மா,
லவீனியா டட்டில் ஹார்பெக்